முந்நூறு வருடத்துப் பாட்டும் என் வலது கையும்

வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரில் இரண்டு வகை உண்டு. பிள்ளையின் எல்லா விஷயத்திலும் தலையிடுகிறவர்கள் ஒரு வகை. தலையிடுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டு தலையிடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டு சங்கத்திலும் ஆயுள் உறுப்பினர்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே எங்கள் பிள்ளைகளின் கால் தரையில் படுவதே லிஃப்டுக்கும் காருக்கும் நடுவில்தான். குதைபியாவில் எங்கள் ஃபிளாட், ஈசா டவுனில் பள்ளிக்கூடம், நடுவில் பஸ், அதற்குமேல் டியூஷன். பிள்ளை எந்நேரமும் கண்ணெதிரிலேயே இருந்தால், பெற்ற மனம் சும்மா இருக்குமா? (இருக்கும் என்கிறார் என் கணவர் ஆரோக்கியம். அவர் மனம் கிரிக்கெட் மேட்சில் இருக்கும்.)

என் மகள் ஷெரின் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "ம்", "ஓகே", "நத்திங்" ஆகிய மூன்று சொற்களில் ஒரு வருடத்தையே கடத்திவிடும் திறமை வந்துவிட்டது. அந்த வருடம்தான் மதாம் எலோடி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

மதாம் பிரெஞ்சுக்காரர். கணவருக்கு மனாமாவில் வங்கி வேலை. எங்கள் கோயில் வளாகத்தில் பல நாட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஒரு பாடகர் குழு நடத்தினார். கிறிஸ்துமஸுக்கு முந்நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுத் திருப்பலி இசையைப் பாடப்போகிறோம் என்று அறிவித்தார். அதில் வருகிற ஒரு தனிப் பாட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஷெரினை.

அன்றைக்கு ஷெரின் லிஃப்டிலேயே பாடிக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போது தானாகப் பேசினாள். முழு வாக்கியங்கள்! வருகிற வெள்ளிக்கிழமை ஹாலில் நிகழ்ச்சி. அது வெறும் வெள்ளோட்டம். நன்றாக அமைந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, பெரிய பூசைக்கு முன்னால், வளாகம் நிறைந்த கூட்டத்துக்கு முன் இதே பாட்டு. சொதப்பினால் வழக்கம்போல ஸ்பீக்கரில் பழைய கேரல் போட்டுவிடுவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்தபடி, "அம்மா, ஒண்ணு சொல்லவா? கோபப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லும்மா."

"இத நானே பாத்துக்கறேன். இதுல மட்டும் நீ எதுவும் பண்ணாத. ப்ளீஸ்."

"நான் என்னடி பண்ணப் போறேன்?"

ஆரோக்கியம் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அதான? நீ என்னைக்கு என்னட்டி பண்ணிருக்க? ஸ்பெல்லிங் போட்டியில மேடைக்குக் கீழ உக்காந்து வாயசைச்சவ வேற எவளோ."

நான் சத்தியம் செய்தேன். பாட்டில் தலையிடுவதில்லை என்று. அந்தச் சத்தியத்தை இன்றுவரை நான் மீறவில்லை. பாட்டு என் பக்கம் வரவில்லை என்றால் நான் ஏன் அதன் பக்கம் போகிறேன்? எனக்குக் கவலையாக இருந்தது பாட்டு அல்ல, அதைக் கேட்க வரும் கூட்டம்.

மதாம் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். அந்தக் காலத்துப் பிரான்சில் மக்கள் வீடுகளில் கும்மாளமாகப் பாடி ஆடிய கிறிஸ்துமஸ் மெட்டுகளை எடுத்து, அதற்குள் பூசையின் லத்தீன் வார்த்தைகளைப் பொருத்தி இசையமைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ஒரு துண்டு பாடியும் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சாட்சாத் கும்மி. எங்கள் தமிழ்க் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் அதற்கு முந்தைய வருடம் பாலன் பாட்டுக்குக் கும்மியடிக்கக் கேட்டபோது, "பக்தியாக இருக்காது" என்று விழாக் குழு மறுத்திருந்தது. அந்தக் குழுக்காரர்கள் இப்போது முதல் வரிசையில் கண்ணை மூடி, "ஆஹா, எவ்வளவு தெய்வீகம்!" என்று தலையாட்டினார்கள். கும்மி கப்பலேறிப் போய், முந்நூறு வருடம் ஊறி, பிரெஞ்சு முத்திரையோடு வந்தால் தெய்வீகம் ஆகிவிடுகிறது. (நானும் ஆட்டினேன். தனியாக ஆட்டாமல் இருந்தால் நாகரிகம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா?)

ஆனால் எங்கள் ஜனத்தை எனக்குத் தெரியும். பாட்டின் நடுவில் கைதட்டுவார்கள். பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். வெள்ளைக்காரர் முன்னால் ஷெரினுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது. கூட்டத்தைத் தயார்ப்படுத்துவது பாட்டில் தலையிடுவது ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தைத் தயார்ப்படுத்த வேண்டுமென்றால் பாட்டு என்னவென்று தெரிய வேண்டும். ஷெரின் குளிக்கப் போன நேரத்தில் அவள் பையைத் திறந்து, அந்தத் தனிப் பாட்டின் இசைத்தாளை செல்போனில் படம் பிடித்தேன்.

எனக்கு அதைப் படிக்கத் தெரியும். ஷெரின் சின்ன வயதில் கீபோர்டு வகுப்புக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் படித்தேன். அவள் பாதியில் விட்டுவிட்டாள். என்னைத்தான் நிறுத்த முடியவில்லை. எனவே கோடுகளும் புள்ளிகளும் எனக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது வேறொன்று. சில சுரங்களின் தலைக்குமேல் சின்னச் சின்னதாகச் சிலுவைகள். ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் கொத்தாக.

நான் ஒரு கிளினிக்கில் மருந்தாளுநர். மருந்துச் சீட்டில் ஒரு குறி இருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கும், அதைப் புறக்கணித்தால் ஆளுக்கே ஆபத்து என்று பழகியவள். அதோடு பிறந்ததிலிருந்து ஜெபப் புத்தகம் படித்தவள். ஜெபப் புத்தகத்தில் வரிகளுக்கு நடுவே சின்னச் சிலுவைக் குறி வந்தால் என்ன செய்ய வேண்டும்? தூத்துக்குடியில் முதல் நற்கருணை வாங்கிய எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த இடத்தில் நெற்றி, மார்பு, தோள் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களின் பக்திதான் என்ன! ஒரு பாட்டுக்குள் இத்தனை சிலுவை!

ஆரோக்கியத்திடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இவ்ளோ தடவ போட்டா கை வலிக்காதா? ஷெரின்ட்ட கேளு."

கேட்டிருக்கலாம். கேட்டால் பையைத் திறந்தது தெரிந்துவிடும். மதாமிடம் கேட்டால் அது ஷெரினுக்குப் போகும். ஆகவே தர்க்கத்தாலேயே முடிவுக்கு வந்தேன். (என் வாழ்க்கையின் பெரிய விபத்துகள் எல்லாம் தர்க்கத்தால் நடந்தவை.)

அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். இன்றும் அதை யாராவது ஒலிக்க விட்டால் நான் அறையை விட்டு வெளியேறிவிடுவேன். "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெள்ளிக்கிழமை நடக்கிறது சாதாரணக் கச்சேரி இல்ல. பழங்காலத்து வழிபாட்டு முறை. நம்ம ஷெரின் பாடும்போது சில புனிதமான இடங்கள்ல சிலுவை போடணும். இது அந்த நாட்டு மரபு. நம்ம தமிழ் ஆளுகளுக்குத் தெரியலன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

அன்பியத்தின் தலைவி ஜோஸ்பின் அக்கா உடனே பதில் போட்டார். "எந்த எடத்துல போடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும் பிலோ?"

"முன் வரிசையில நான் இருப்பேன்க்கா. என் கையப் பாருங்க. நான் போட்டா நீங்களும் போடுங்க."

"சரிம்மா. நான் மத்த குரூப்புக்கும் அனுப்பிடுதேன்."

அனுப்பினார். யாரோ அதை ஆங்கிலத்தில் எழுதி மலையாளக் குழுவுக்குப் போட்டார்கள். அங்கிருந்து கொங்கணிக் குழுவுக்கு. வியாழக்கிழமை மாலை என் கிளினிக்குக்கு இருமல் மருந்து வாங்க வந்த கோவாக்கார அம்மாள் ஒருவர் என்னிடமே, "நாளைக்குப் பாட்டில் சிலுவை போட வேண்டுமாம், தெரியுமா?" என்று கேட்டார். பெருமையில் நான் அவருக்கு இருமல் மருந்தோடு இலவச மாத்திரைப் பெட்டி ஒன்றும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஹால் நிரம்பி வழிந்தது. வெளியே வாசலில், எங்களுக்கு அடுத்து ஹாலைப் பயன்படுத்தப்போகும் பிலிப்பைன்ஸ்காரர்கள் நவநாள் பூசைக்குக் கிட்டார்களோடும் சாப்பாட்டுத் தட்டுகளோடும் காத்திருந்தார்கள். முன் வரிசையின் நடுவில் எங்கள் ஃபாதர். வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை நாள். காலையிலிருந்து ஒவ்வொரு மொழிக்காரர்களுக்கும் பூசை வைத்துவிட்டு, பாவம், நாற்காலியில் உட்கார்ந்ததும் உறங்கிவிட்டார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி நான். மடியில் செல்போன், அதில் இசைத்தாள்.

மதாம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கையசைத்தார். பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் கீபோர்டில், அரண்மனை வாத்தியம் மாதிரி நரம்பொலி வரும் பட்டனை அமுக்கி வாசித்தார். முதலில் குழுப் பாடல்கள். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. சிப்ஸ் பாக்கெட் ஒன்றுகூடப் பிரியவில்லை. என் பயிற்சி வீண்போகவில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஷெரின் முன்னால் வந்தாள்.

இதை மட்டும் கேலி இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அவள் அவ்வளவு நன்றாகப் பாடினாள். அந்த "ம்", "ஓகே", "நத்திங்" வந்த தொண்டையா இது என்று நினைத்தேன். இருட்டு வீட்டுக்குள் யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போவதுபோல இருந்தது.

முதல் சிலுவைக் குறி வந்தது. நான் பக்தியோடு, பின்வரிசைக்கும் தெரிகிற அளவில், பெரிதாகச் சிலுவை போட்டேன். எனக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். ஹால் முழுக்கச் சேலையும் சட்டையும் உரசும் சத்தம். எனக்குக் கண்ணில் நீர் கட்டியது.

இரண்டாவது குறி. சரசர. மூன்றாவது. சரசர. வரி முடிகிற இடத்தில் குறிகள் நெருக்கமாக வந்தன. ஒன்றை முடித்துக் கையைக் கீழே இறக்குவதற்குள் அடுத்தது.

"ஏட்டி, கொசு அடிக்கிற மாதிரி இருக்குட்டி" என்று ஆரோக்கியம் காதருகே முணுமுணுத்தார். "போதும், விடு."

"நடுவுல விட்டா அவமரியாதை. சும்மா இருங்க."

சின்னப் பிள்ளைகள் யார் வேகமாகப் போடுவது என்று போட்டியில் இறங்கிவிட்டார்கள். இத்தனை சிலுவை போட்டும் உட்கார்ந்திருப்பது தவறோ என்று பயந்து பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். ஒருவர் நின்றால் கோயிலில் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

அந்தச் சத்தத்தில் ஃபாதர் விழித்தார்.

அவர் நிலையில் இருந்து பாருங்கள். கண்ணைத் திறந்தால் சபை முழுவதும் எழுந்து நிற்கிறது. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பூசை, எந்த மொழி என்று யோசிக்கவா நேரம் இருக்கிறது? பூசையின் முடிவில் தூங்கிவிட்டோம் என்று நினைத்திருப்பார். துள்ளி எழுந்தார், சபைப் பக்கம் திரும்பினார், வலது கையை உயர்த்தினார், மணியான குரலில் இறுதி ஆசீர் கொடுத்துவிட்டார்.

"ஆமென்!" என்றது ஹால்.

வளைகுடாக் கோயில்களில் இறுதி ஆசீருக்கு ஓர் உள்ளர்த்தம் உண்டு. எங்கள் வளாகத்தில் கார்களை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நெருக்கித்தான் நிறுத்த முடியும். முதலில் வெளியேறாதவர் கடைசியில்தான் வெளியேறுவார். ஆகவே இறுதி ஆசீர் முடிந்த பிறகும் உள்ளே நிற்பவர் பக்திமான் என்று நினைக்காதீர்கள். அவரிடம் கார் இல்லை என்று அர்த்தம்.

சாவிகள் கிலுங்கின. பின்வரிசை ஓடியது. நடுவரிசை அதைத் துரத்தியது. கதவு திறந்ததும், தங்கள் நேரம் வந்துவிட்டது என்று வெளியே காத்திருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் புன்னகையோடு உள்ளே நுழைந்து, காலியான நாற்காலிகளில் தட்டுகளையும் கிட்டார்களையும் வைத்தார்கள். வாசலில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. "யல்லா, யல்லா, நடங்க!" என்று யாரோ வழி ஒழுங்குபடுத்தினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஷெரின் பாடிக்கொண்டிருந்தாள். கீபோர்டு நர்ஸுக்குச் சிரிப்பு தாங்காமல் விரல்கள் தடுமாறின. மதாம் மட்டும் முதுகைக் காட்டி நின்றதால் எதையும் பார்க்கவில்லை. ஷெரினின் கண் கூட்டத்தில் அலைந்தது. என்னிடம் வந்து நின்றது. அப்போது என் கை இடது தோளில் இருந்தது. (முழுசாக முடிக்காமல் எப்படி விடுவது? வலது தோளுக்கும் கொண்டுபோனேன்.)

பாட்டு நின்றுவிட்டது.

மதாம் திரும்பிப் பார்த்தார். பாதி ஹால் வெளியேறியிருந்தது. மீதிப் பாதியில் புதிய மக்கள் நூடுல்ஸ் தட்டுகளோடு இருந்தார்கள். ஃபாதர் இன்னும் உயர்த்திய கையை இறக்கவில்லை.

"தீப்பிடித்துவிட்டதா?" என்றார் மதாம், ஆங்கிலத்தில்.

ஜோஸ்பின் அக்காதான் பதில் சொன்னார். உதவும் மனம் படைத்தவர். "நோ மேடம், நத்திங் மேடம். பிலோ சொல்லிச்சு, நாங்க போட்டோம்." விரலும் என்னைக் காட்டியது.

நான் செல்போனைக் கொண்டுபோய் மதாமிடம் நீட்டினேன். குற்றவாளி சாட்சிப் பொருளைத் தானே சுமந்து போவது உலகத்தில் அதுதான் முதல் முறையாக இருக்கும். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தக் குறி குரலுக்கானது அம்மா" என்றார் மெதுவாக. "இந்த இடத்தில் பாடுகிறவரின் குரல் மேல் சுரத்திலிருந்து தொடங்கி நடுங்க வேண்டும். ஓர் அலங்காரம். அவ்வளவுதான்."

"அப்ப, சிலுவை..."

"இல்லை."

ஷெரின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் பேக்கத் திறந்தியா?"

வீட்டுக்கு வரும் வழியில்தான் தீர்ப்பு வந்தது. வழி என்று சொல்லக்கூடாது. எங்கள் காரை மறித்து நான்கு கார்கள் நின்றதால் அவற்றை எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முடிவில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "இனிமே நான் பாடல. நீயே போய்ப் பாடு. உனக்குத்தான் நோட்டு படிக்கத் தெரியுமே."

ஒத்திகைக்கு அவள் போகவில்லை. "நத்திங்" திரும்பி வந்துவிட்டது. அதுவும் இப்போது தலையசைப்பாகச் சுருங்கிவிட்டது. மதாம் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. நான் அவள் அறைக் கதவுக்கு வெளியிலிருந்து மன்னிப்புக் கேட்டேன், உள்ளேயிருந்து கேட்டேன், தோசையோடு கேட்டேன். தோசை மட்டும் ஏற்கப்பட்டது.

கடைசியில் மதாமே வீட்டுக்கு வந்தார். நான் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்கு ஓடினேன். அவர் ஷெரினிடம் சொன்னது காதில் விழுந்தது. "அன்றைக்கு அந்த ஹாலில் அவ்வளவு பேர் ஓடினார்கள், நாற்காலி இழுத்தார்கள், ஆமென் சொன்னார்கள். நீ எந்த இடத்தில் நிறுத்தினாய் தெரியுமா? அம்மாவைப் பார்த்த இடத்தில். அதுவரை ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. எனக்கு வேறு வெள்ளோட்டம் வேண்டாம்."

பிறகு ஷெரின் சொன்னாள். "பாடுறேன் மதாம். ஆனா அம்மா உள்ள வரக் கூடாது."

"சம்மதம்!" என்று சமையலறையிலிருந்து கத்திவிட்டேன். (அங்கேயும் தலையிட்டாயிற்று.)

உள்ளே வராமல் வளாகத்தில் இருக்க ஒரே வழிதான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, பட்டுச் சேலைக்கு மேல் மஞ்சள் நிறப் பளபளப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கார் நிறுத்துமிடத்துத் தொண்டர் ஆனேன். ஜோஸ்பின் அக்கா கடந்து போகும்போது, "பிலோ, இன்னைக்கு எப்பப் போடணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஷெரினின் குரல் ஸ்பீக்கரில் வெளியே வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். முதல் குறி வந்தது. அந்த இடத்தில் அவள் குரல் நடுங்கியது. அழகாக, வேண்டுமென்றே, மேலிருந்து இறங்கி, சொட்டுச் சொட்டாக நடுங்கியது. என் தோள் அரித்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையில் டார்ச் இருந்தது. அது மேலும் கீழும் ஆடியது.

எதிரில் பெரிய வண்டியோடு வந்த மலையாளி கண்ணாடியை இறக்கினார். "எந்தா சேச்சி இது? முன்னோட்டோ பின்னோட்டோ? ஒண்ணு பறயூ!"

"பாட்டு முடியட்டும் சார்" என்றேன். அவரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

பூசை முடிந்து கூட்டம் கார்களுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது ஷெரின் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லா பிளஸ்ஸும்?"

"எல்லாம். ஒண்ணுகூட விடல."

"கை?"

"பிடிச்சு வச்சிருந்தேன்டி."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் மூவருமாகக் கார் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் ஆரோக்கியம் அந்தக் கதையைத் தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணனுக்கு வீடியோ காலில் முழுசாக நடித்துக் காட்டிவிட்டார். இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் கிளம்பும் நேரம் வந்தால் எங்கள் சொந்தத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: "பிலோ சிலுவை போட்டாச்சா? அப்ப வண்டிய எடு."

அது குடும்பத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வாரம் ஷெரினைக் கூப்பிடப் போய், ஒத்திகை நடக்கும் ஹாலுக்கு வெளியே நின்றிருந்தேன். (உள்ளே போக எனக்கு இன்னும் அனுமதி இல்லை.) இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மதாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தே இராத பிள்ளைகள். ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "மதாம், நோட்டுக்கு மேல இருக்கற இந்தச் சின்னச் சிலுவைக்குப் பேர் என்ன?" என்று கேட்டது.

"இந்தக் குழுவில் அதற்குப் பெயர் பிலோ ஆன்ட்டி" என்றார் மதாம். "எங்கே, பாடு பார்க்கலாம். ம்ஹூம். பிலோ ஆன்ட்டி சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடுங்க வேண்டும்."

நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், மதாம்.